டொக்டருக்கு வழி அடைபடும் கதைகள்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். வெள்ளவத்தையில் நண்பர்கள் சிலராகச் சேர்ந்து பி.பி.சி.யின் ‘டொக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் பழைய கதைகளையும் புதிய கதைகளையும் வார இறுதிகளில் பார்த்துவருகிறீர்கள். ஆகச் சிறந்த கதை எது என்ற பேச்சு எழுந்ததும் ஒருவர் ‘பிளிங்க்’ என்கிறார், இன்னொருவர் ‘ஜெனெசிஸ் ஒஃப் த டாலெக்ஸ்’ என்கிறார், மூன்றாமவர் ஐம்பதாவது ஆண்டு நிறைவுக்கு வந்த ‘த டே ஒஃப் த டொக்டர்’தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். இரசிகர் வாக்கெடுப்புகளைத் தேடிப் பார்த்தால் அவையும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. இதற்குப் பொதுவான அளவுகோல் ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு என்றே நான் நினைக்கிறேன். என்னுடைய தெரிவு 1984 மார்ச்சில் ஒளிபரப்பான ‘த கேவ்ஸ் ஒஃப் அன்ட்ரோசானி’. ஆனால் தலைப்பை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கினால் உங்கள் அறையில் நான்காவது கட்சி ஒன்று உருவாவதைத் தவிர வேறு பயன் இராது. எதற்காக அதைத் தெரிவுசெய்கிறேன் என்பதைச் சொன்னால்தான் மற்றக் கதைகளையும் அதே கோலால் அளந்து பார்க்கலாம்.

முதலில் வாக்கெடுப்புகள். ‘டொக்டர் ஹூ மகசின்’ என்ற சஞ்சிகை 1998 இல் வாசகர்களிடம் கேட்டபோது ‘ஜெனெசிஸ்’ முதலிடம் பெற்றது. 2009 இல், அதுவரை வந்த 200 கதைகளையும் வரிசைப்படுத்தச் சொன்னபோது ‘கேவ்ஸ்’ முதலாவதாகவும் ‘பிளிங்க்’ இரண்டாவதாகவும் ‘ஜெனெசிஸ்’ மூன்றாவதாகவும் வந்தன. 2014 இல் ‘த டே ஒஃப் த டொக்டர்’ முதலிடத்துக்கு ஏறியது; அது 2013 நவம்பர் 23 அன்று 94 நாடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பாகி ஓராண்டுகூட நிறையாத காலம் அது. விழாவின் சூடு ஆறுமுன் எடுத்த வாக்கெடுப்பு என்பதை மறந்துவிட்டு அந்த முடிவைப் படிக்கக் கூடாது. இந்த முடிவுகளில் என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது முதலிடமன்று, கடைசி இடம். 2009 இலும் 2014 இலும் அடிமட்டத்தில் நின்றது ‘த ட்வின் டிலெமா’ என்ற கதை. ‘கேவ்ஸ்’ முடிந்த அடுத்த வாரமே தொடங்கிய கதை அது. தயாரிப்பாளர் ஜோன் நேதன்-டேர்னர், கதைப்பிரதிகளுக்குப் பொறுப்பாளர் எரிக் சோவார்ட் என்று இரண்டு கதைகளுக்கும் பின்னால் இருந்தவர்கள் ஒரே ஆட்கள். 2009 ஆம் ஆண்டு வாக்கெடுப்பின்படி ஆகச் சிறந்ததும் ஆக மோசமானதும் ஒரே கூரையின் கீழ் பக்கம்பக்கமாகப் பிறந்திருக்கின்றன என்றால், இந்தத் தயாரிப்பாளரின் காலம் பொற்காலம், அந்த நடிகரின் காலம் இருண்ட காலம் என்று இரசிகர்கள் வகுத்துப் பேசுவது நமக்குப் பெரிதாக உதவப்போவதில்லை. கதையைக் கதையாகவே எடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு தடையையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தத் தொடரின் முதல் ஆறு ஆண்டுகளில் வந்த அங்கங்களுள் நூறுக்குச் சற்றுக் குறைவானவை இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. ஒளிநாடா விலை கூடியதாக இருந்த காலத்தில் பி.பி.சி. அவற்றை அழித்து மறுபடி பயன்படுத்தியது. வெளிநாடுகளுக்கு விற்பதற்காக எடுக்கப்பட்ட பிலிம் பிரதிகளுள் எஞ்சியவை மட்டும் பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. ‘த டூம் ஒஃப் த சைபர்மென்’ தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹொங்கொங்கிலிருந்து வந்தது. ‘தி எனிமி ஒஃப் த வேர்ல்ட்’, ‘த வெப் ஒஃப் ஃபியர்’ ஆகிய இரண்டிலும் காணாமற்போயிருந்தவற்றுள் ஒன்பது அங்கங்கள் நைஜீரியாவிலிருந்து மீட்கப்பட்டதாக 2013 இல் அறிவிக்கப்பட்டது. ‘எனிமி’ அதுவரை ஒரேயோர் அங்கத்தைக் கொண்டு மட்டமாக மதிப்பிடப்பட்டு வந்த கதை. முழுவதும் பார்க்கக் கிடைத்தபின், டொக்டராகவும் சலமாண்டர் என்ற சர்வாதிகாரியாகவும் பற்றிக் ட்ரவுட்டன் இரண்டு வேடங்களில் செய்ததைக் கண்டு அதன் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. ‘மார்கோ போலோ’வின் ஏழு அங்கங்களுள் ஒன்றுகூட இன்று இல்லை. அன்று வீட்டில் தொலைக்காட்சிக்கு முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து இரசிகர்கள் பதிந்துகொண்ட ஒலிநாடாக்களின் புண்ணியத்தால் காணாமற்போன எல்லா அங்கங்களுக்கும் ஒலி மட்டும் இருக்கிறது. ஆகவே ஆகச் சிறந்தது எது என்று நாம் பேசும்போதெல்லாம் இருப்பவற்றுள் சிறந்தது எது என்றுதான் பேசுகிறோம்.

இனி அளவுகோல். டொக்டரிடம் டார்டிஸ் இருக்கிறது. வெளியே நீல நிறப் பொலிஸ் தொலைபேசிப் பெட்டி, உள்ளே எல்லையற்ற கப்பல். அதில் ஏறி எந்தக் காலத்துக்கும் எந்த உலகுக்கும் போகலாம். அவருடைய உடல் அழியும் நிலைக்கு வந்தால் வேறோர் உடலாக மாறித் தொடர்ந்து வாழலாம்; அப்போது வேறொரு நடிகர் அந்த வேடத்தை ஏற்பார். அறிவோ மற்றெல்லோரையும் விட அதிகம். இப்படிப்பட்டவரைக் கதாநாயகனாக வைத்துக்கொண்டு ஆபத்தை உண்டாக்குவது எளிதன்று. எந்த முடிச்சையும் ஏதாவதொரு கருவியால் அவிழ்த்துவிடலாம் என்பது பார்ப்பவருக்குத் தெரிந்துவிட்டால் கதை அங்கேயே செத்துவிடும். எனவே இந்தத் தொடரில் நல்ல கதையை அடையாளம் காண நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கதாசிரியர் டொக்டருடைய வழிகளை நேர்மையாக அடைத்திருக்கிறாரா, அடைத்தபின் கடைசிவரை அந்த அடைப்பை மதித்திருக்கிறாரா? ராணியை எடுத்துவிட்டுச் சதுரங்கம் ஆடச் சொன்னால்தான் ஆடுபவரின் உண்மையான திறமை வெளிப்படும்.

இது நான் வலிந்து கொண்டுவரும் கோட்பாடு அன்று. தொடரைத் தொடங்கியவர்களே இதை உணர்ந்திருந்தார்கள். 1963 நவம்பர் 23 அன்று முதல் அங்கம் ஒளிபரப்பானபோது டொக்டருக்குத் தம் கப்பலைக் குறித்த இடத்துக்குச் செலுத்தத் தெரியாது. வீடு திரும்ப விரும்பும் இரண்டு ஆசிரியர்களை வைத்துக்கொண்டு எங்கெங்கோ போய் இறங்குவார். கதைகளை இறுக்கிப் பிடித்தது அந்த இயலாமைதான். பிறகு 1968 இல் சோனிக் ஸ்குரூடிரைவர் என்ற கருவி வந்தது. காலப்போக்கில் அது எல்லாக் கதவுகளையும் திறக்கத் தொடங்கியது. அது கதாசிரியர்களுக்கு மிக இலகுவான வழியாகிவிட்டது என்று கண்ட தயாரிப்பாளர் 1982 இல் ‘த விசிட்டேஷன்’ கதையில் அதை அழிக்கச் செய்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த ‘கேவ்ஸ்’ கதையில் டொக்டரின் கை வெறுங்கையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

கொழும்பில் வாழ்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அறிவியல் புனைகதை என்றதும் பார்ன்ஸ் பிளேஸில் பல்லாண்டுகள் வாழ்ந்து பொரளை கனத்தை மயானத்தில் அடக்கமாகியிருக்கும் ஆர்தர் சி. கிளார்க் நம் நினைவுக்கு வருவது இயல்பு. விண்வெளிப் பொறியியலில் அவர் காட்டிய கறார்த்தன்மையை இந்தத் தொடரில் எதிர்பார்க்கக் கூடாது. இங்கே அறிவியல் பெரும்பாலும் கதைக்கு ஒரு சாக்கு. ஆகவே நான் கேட்கும் நேர்மை கதை தனக்குத் தானே விதித்துக்கொண்ட விதிகளைக் காப்பாற்றும் நேர்மை மட்டுமே.

இனி ‘கேவ்ஸ்’. எழுதியவர் ரொபர்ட் ஹோம்ஸ். இந்தத் தொடருக்கு அவரளவு நல்ல கதைகளைப் பழைய காலத்தில் வேறொருவரும் எழுதியதில்லை என்பேன். நெறியாள்கை கிரேம் ஹார்ப்பர். அன்றைய வழக்கப்படி மேல்மாடிக் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்காமல் படப்பிடிப்புத் தளத்திலேயே நடிகர்களோடு நின்று இயக்கினார். அந்தப் பதற்றம் திரையில் தெரிகிறது. பின்னாளில் 2006 இல், 2005 இல் மறுபடி தொடங்கிய புதிய தொடருக்கும் அழைக்கப்பட்டு வந்த ஒரே பழைய நெறியாளர் அவர்தான். கதைப்படி டொக்டரும் பெரி என்ற மாணவியும் வெறும் ஆர்வத்தால் அன்ட்ரோசானி மைனர் என்ற கிரகத்தின் குகைகளுக்குள் இறங்குகிறார்கள். பெரி தவறிச் சிலந்திவலை போல ஒட்டும் பொருளொன்றில் விழுகிறாள். டொக்டரும் அதைத் தொட்டுவிடுகிறார். அது சுத்திகரிக்கப்படாத ஸ்பெக்ட்ரொக்ஸ். சுத்திகரித்தால் மனித ஆயுளை நீட்டும், பச்சையாகத் தொட்டால் கொல்லும். முதல் அங்கத்தின் முதற் சில நிமிடங்களிலேயே இருவருக்கும் மரணம் எழுதப்பட்டுவிட்டது. அவர்களுக்கு அது பிறகுதான் தெரியவருகிறது. மாற்று மருந்து, குகையின் அடியாழத்தில் காற்றில்லாத இடத்தில் வாழும் ராணி வௌவாலின் பால். கதையின் மிச்சம் முழுவதும் அந்தப் பாலை எடுக்கப் போகவிடாமல் நடுவில் வந்து விழும் மனிதர்களின் சண்டைதான்.

அந்தச் சண்டையை ஹோம்ஸ் கட்டியிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். குகைகளுக்குள் ஷராஸ் ஜெக் என்ற முகமூடி மனிதன் ஸ்பெக்ட்ரொக்ஸைத் தன் வசம் வைத்துக்கொண்டு அரச படையோடு போரிடுகிறான். அயற்கிரகத்தில் மோர்கஸ் என்ற பெரு முதலாளி அந்தப் படைக்கு ஆதரவாக இருப்பதாகக் காட்டிக்கொண்டே ஆயுதக் கடத்தல்காரர்கள் வழியாக ஜெக்குக்கும் துப்பாக்கி அனுப்புகிறான். போர் முடிந்தால் பொருளின் விலை இறங்கிவிடும் என்பதே அவனுடைய கவலை. செப்பு உற்பத்தி கூடிவிட்டது என்று தன் சுரங்கம் ஒன்றையே வெடிவைத்துத் தகர்க்கிறான். தொழிற்சாலைகளை மூடி வேலையிழந்தவர்களைத் தொழில் முகாம்களுக்கு அனுப்பி, அந்த முகாம்களிலிருந்தே கூலியில்லா உழைப்பைப் பெறுகிறான். சனாதிபதியை மின்தூக்கிக் குழிக்குள் தள்ளிக் கொன்றுவிட்டு, மின்தூக்கியைப் பராமரித்தவனைச் சுடச் சொல்கிறான். நீண்ட போரில் யார் பணம் பண்ணுகிறார்கள் என்பதை இலங்கையில் இருக்கும் ஒருவருக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. இந்தக் கதையின் வில்லன் வேற்றுக்கிரகப் பிராணியன்று, கணக்குப் பார்க்கும் மனிதன். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் படையதிகாரியாக இருந்து, பின்னர் பொலிஸிலும் வேலை பார்த்தவர் ஹோம்ஸ். மனிதர்களைப் பற்றி அவருக்குப் பெரிய மயக்கங்கள் இல்லை.

இவ்வளவு பெரிய அநியாயம் நடக்கும்போது டொக்டர் என்ன செய்கிறார் என்றால், அதைத் திருத்த முயல்வதே இல்லை. அவருக்கு நேரம் இல்லை. தம்மால் இந்த ஆபத்துக்குள் வந்து விழுந்த ஒரு பெண்ணை உயிரோடு வெளியே கொண்டுபோக வேண்டும் என்பது மட்டுமே அவருடைய குறி. இந்தத் தொடரின் பெரும்பாலான கதைகளில் அவர் உலகங்களைக் காப்பாற்றுகிறார். இங்கே அந்தப் பெரிய வேலையைக் கதாசிரியர் அவரிடமிருந்து பறித்துவிட்டு ஓர் உயிரை மட்டும் கையில் கொடுக்கிறார். உலகம் அழியும் என்று சொன்னால் எவரும் நம்புவதில்லை, அடுத்த வாரமும் தொடர் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு பெண் இந்தக் குகையில் இறந்துபோகலாம் என்பது நம்பக்கூடியதாக இருக்கிறது. கடைசியில் அவளைத் தூக்கிக்கொண்டு டார்டிஸ் வாசலுக்கு வந்து சேரும்போது தடுமாறி மருந்தில் ஒரு பகுதியைச் சிந்திவிடுகிறார். எஞ்சியது ஒருவருக்கு மட்டும் போதும். அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவர் விழுகிறார். உடல் மாறும் அந்தத் தறுவாயில் அவருடைய வாயில் கடைசியாக வருவது அட்ரிக் என்ற பெயர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘ஏர்த்ஷொக்’ கதையில் அவரால் காப்பாற்ற முடியாமற்போன பையன் அவன். அந்த ஒற்றைப் பெயரில் பீட்டர் டேவிசன் நடித்த டொக்டரின் முழுக் காலமும் அடங்கிவிடுகிறது. முதன்மைப் பாத்திரங்களுள் பெரியையும் மோர்கஸின் உதவியாளரான டிம்மினையும் தவிர வேறெவரும் உயிரோடு மிஞ்சுவதில்லை. டிம்மின் முதலாளியின் நாற்காலியில் ஏறி அமர்ந்துகொள்கிறாள். அங்கும் ஹோம்ஸ் நமக்கு ஆறுதல் தரவில்லை.

குறையில்லாத கதையா என்றால் இல்லை. குகைக்குள் மக்மா மிருகம் என்று ஒன்று வருகிறது. அது இரப்பர் உடைக்குள் ஒரு மனிதன் என்பது எவருக்கும் தெரியும். அதை வெட்டி எடுத்திருந்தாலும் கதைக்கு ஒரு நூல்கூடக் குறைந்திராது. அது கதையின் சுமையைத் தாங்கும் தூண்களுள் ஒன்றன்று என்பதே அதற்கு என் பதில்.

‘ஜெனெசிஸ்’ கதையை விரும்பும் உங்கள் நண்பரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. 1975 இல் டெரி நேஷன் எழுதிய ஆறு அங்கக் கதை அது. டொக்டரின் பரம எதிரிகளான, இயந்திரக் கவசத்துக்குள் வாழும் டாலெக்குகள் உருவாகும் கணத்துக்கே அவருடைய இனத்தவர் டொக்டரை அனுப்பி, அவற்றை முளையிலேயே அழிக்கச் சொல்கிறார்கள். இரண்டு மின்கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓர் இனத்தையே இல்லாமற்செய்ய எனக்கு உரிமை உண்டா என்று டொம் பேக்கர் தயங்கும் காட்சியை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதைத் தொடர்ந்து நடப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வேறொருவர் ஓடிவந்து நிலைமை மாறிவிட்டது என்று சொல்ல, முடிவெடுக்கும் பாரம் அவர் கையிலிருந்து விலகிவிடுகிறது. பின்னர் அந்த வெடிப்பையும் ஒரு டாலெக்தான் கம்பிகள்மீது ஏறி நிகழ்த்துகிறது. அதாவது கதை மிகக் கடினமான கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லும் கடமையிலிருந்து டொக்டரை விடுவித்துவிடுகிறது. எனக்கு இதைவிட உயர்வாகத் தோன்றுவது, டாலெக்குகளை உருவாக்கிய டவ்ரொஸிடம் டொக்டர் ஒரு கற்பனையை முன்வைக்கும் காட்சி: எல்லா உயிரையும் அழிக்கும் நுண்கிருமியொன்றை உருவாக்கினால் அதைத் திறந்துவிடுவாயா? டவ்ரொஸாக நடித்த மைக்கல் விஷர் அந்தக் கேள்வியை முதலில் அறிஞனாகச் சுவைக்கிறார், பிறகு குரல் மெல்ல மெல்ல ஏற, சிறு குப்பியை நசுக்கும் விரல்களோடு வெறியனாகிறார். முகமூடிக்குள் இருந்துகொண்டு இவ்வளவையும் குரலாலும் ஒரு கையாலும் செய்கிறார். ஆறு அங்கங்கள் சற்று நீளம். நடுவே வரும் இராட்சதச் சிப்பிகளைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் விடுகிறேன்.

‘பிளிங்க்’ 2007 ஜூன் 9 அன்று வந்தது. அடுத்த ஆண்டு அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதும் பெற்றது. ஒரே நேரத்தில் இரண்டு அங்கங்களைப் படம்பிடிக்க வேண்டியிருந்ததால் டொக்டராக நடித்த டேவிட் டெனன்டுக்கு இதில் அதிக நேரம் ஒதுக்க முடியவில்லை. அந்த நெருக்கடியைக் கதாசிரியர் ஸ்டீவன் மொஃபட் கதையின் எலும்பாகவே ஆக்கிக்கொண்டார். டொக்டர் டார்டிஸை இழந்து 1969 இல் அகப்பட்டுக் கிடக்கிறார். 17 இறுவட்டுகளில் ஒளித்துவைத்த பதிவுகள் மூலம் மட்டும் சாலி ஸ்பாரோ என்ற இளம் பெண்ணோடு பேசுகிறார். பார்த்துக்கொண்டிருக்கும்வரை கல்லாக நிற்கும், கண் இமைத்தால் பாயும் தேவதைச் சிலைகள். விதி ஒன்று, அதை அறிவித்துவிட்டு, அந்த விதியாலேயே முடிவையும் கொண்டுவருகிறார். நான்கு சிலைகளும் ஒன்றையொன்று பார்த்து நிரந்தரமாக உறைந்துவிடுகின்றன. கட்டுமானத்தில் இதைவிடச் சுத்தமான அங்கம் இந்தத் தொடரில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு ஏன் முதலிடம் இல்லை? இங்கே டொக்டருக்கு வழி அடைபட்டிருக்கிறது, ஆனால் அதன் வலி அவர்மேல் விழுவதில்லை. பிலி ஷிப்டன் என்ற பொலிஸ்காரர் தம் முழு வாழ்நாளையும் காத்திருந்து ஒரு மழை நாளில் வைத்தியசாலைக் கட்டிலில் சாலியிடம் செய்தி சொல்லும் ஒரு காட்சியில் மட்டும் கதை மனத்தைப் பிசைகிறது. மற்றப்படி அது மிகச் சிறந்த பொறி. 2010 இலும் பிறகும் அந்தச் சிலைகளைத் திரும்பக் கொண்டுவந்தபோது புதுப்புது விதிகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். முதற் கதையின் பெருமை அதனால் இன்னும் நன்றாக விளங்குகிறது.

என் வரிசையில் ‘பிளிங்க்’ கதைக்கு ஒட்டினாற்போல் நிற்பது 2015 இல் வந்த ‘ஹெவன் சென்ட்’. அநேகமாக முழு அங்கத்திலும் பீட்டர் கப்பால்டி தனியாள். தோழி கிளாரா இறந்துவிட்ட துயரத்தோடு கடலின் நடுவேயுள்ள ஒரு கோட்டையில் அடைபட்டு, மெதுவாக நடந்துவரும் முக்காட்டு உருவமொன்றினால் துரத்தப்படுகிறார். வெளியேறும் வழியில் வைரத்தைவிடப் பல மடங்கு கடினமான சுவர். கருவி கிடையாது, கையால் குத்துகிறார்; சில குத்துகளில் பிடிபட்டுச் சாகும் நிலைக்கு வருகிறார்; தன் பழைய பிரதியொன்று மறுபடி உருவாகத் தன்னையே எரித்துக்கொள்கிறார்; மீண்டும் முதலிலிருந்து. கடலடியில் கிடக்கும் மண்டையோடுகள் யாருடையவை என்பது புரியும் கணத்தில் முதுகு சில்லிடும். 450 கோடி ஆண்டுகள் இப்படிப் போகின்றன. துக்கம் என்பது ஒவ்வொரு காலையும் புதிதாகத் தொடங்குவது என்பதைக் காட்டிய அங்கம் இது. அடுத்த அங்கத்தில் கிளாராவை மரணத்தின் வாயிலிருந்து மீட்டுக்கொண்டதால் இந்தச் சுவரின் கனம் பின்னோக்கிக் குறைந்துவிட்டது. அந்த ஒரு காரணத்தால்தான் நான் இதை முதலிடத்துக்குக் கொண்டுவரவில்லை.

2008 இல் வந்த ‘மிட்நைட்’ கதையையும் உங்கள் நண்பர்களுக்குக் காட்டுங்கள். ஒரு வாகனம், சில பயணிகள், கதவுக்கு வெளியே தெரியாத ஏதோ ஒன்று. டொக்டரின் மிகப் பெரிய ஆயுதம் பேச்சு, கதாசிரியர் ரசல் டி. டேவிஸ் அந்தப் பேச்சையே அவரிடமிருந்து பறிக்கிறார். பயந்த மனிதர்கள் தங்களுள் ஒருவனை வெளியே எறிந்தால் தப்பலாம் என்று ஒருவரையொருவர் தூண்டிக்கொள்ளும் வேகம் அச்சமூட்டுவது. கடைசியில் எல்லோரையும் காப்பாற்றி உயிர்விட்ட பணிப்பெண்ணின் பெயர் என்ன என்று டொக்டர் கேட்க, ஒருவருக்கும் தெரிவதில்லை.

இந்த வாக்கெடுப்புகளில் உரிய இடம் பெறாத ஒரு கதைக்காக வாதாட விரும்புகிறேன்: 2018 நவம்பர் 11 அன்று வந்த ‘டீமன்ஸ் ஒஃப் த பஞ்சாப்’. எழுதியவர் வினய் பட்டேல். 1963 இல் முதற் கதையை நெறியாள்கை செய்த வாரிஸ் ஹுசெய்ன் லக்னோவில் பிறந்தவர். அப்படித் தொடங்கிய தொடர் இந்தியப் பிரிவினையின் மண்ணுக்கு வந்துசேர 55 ஆண்டுகள் எடுத்திருக்கின்றன. டொக்டரோடு பயணிக்கும் யாஸ் என்ற பெண் தன் அம்மம்மாவின் இளமைக் காலத்தைப் பார்க்க ஆசைப்பட்டு 1947 ஆகஸ்ட் மாதத்துக்குப் போகிறாள். அங்கே அம்மம்மா உம்பிரீன் பிரேம் என்ற இந்து இளைஞனைத் திருமணம் செய்யத் தயாராக இருக்கிறார். யாஸின் தாத்தா அவன் அல்ல. இரண்டு வேற்றுக்கிரகத்தவர் அங்கே உலவுகிறார்கள். அவர்களையே கொலைகாரர்கள் என்று டொக்டரும் நாமும் நினைக்கிறோம். உண்மையில் அவர்கள் கொலைத்தொழிலை விட்டுவிட்டவர்கள். தம் சொந்த உலகம் யாரும் அருகில் இல்லாமல் அழிந்துபோனதால், தனியே சாகிறவர்களின் பக்கத்தில் நின்று சாட்சியாக இருப்பதைத் தம் கடமையாக்கிக்கொண்டவர்கள். கொல்ல வருபவர்கள் மனிதர்கள். அவர்களை அழைத்து வருபவன் பிரேமின் சொந்தத் தம்பி மனிஷ்.

இந்தக் கதையில் வழி அடைபடும் விதம் மிகக் கொடுமையானது. பிரேமைக் காப்பாற்றினால் யாஸ் பிறக்கவே மாட்டாள். டார்டிஸ் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது, ஆனால் எதுவும் செய்யக் கூடாது. டொக்டரும் தோழர்களும் திரும்பிப் பாராமல் நடக்கிறார்கள். பின்னால் ஒரு வெடிச்சத்தம் கேட்கிறது. பிரேம் போரில் தன்னோடு நின்ற ஒருவனை அந்தக் கூட்டத்திலேயே கண்டு, பழைய நட்பைச் சொல்லிப் பேசிப் பார்த்தும் பயனில்லை. 1983 ஜூலையைக் கொழும்பில் அனுபவித்த குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு, தெரிந்த முகமே கூட்டத்தோடு வந்து நிற்பது எப்படிப்பட்டது என்பதை வீட்டுப் பெரியவர்கள் ஒருமுறையாவது சொல்லியிருப்பார்கள். வேறு சிலருடைய வீட்டில் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். யாஸின் அம்மம்மாவும் பேசாதவர்தான். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக உடைந்த கைக்கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். இந்தத் தொடரில் நம் பிரதேசத்தின் துயரத்தை இவ்வளவு மரியாதையோடு தொட்ட வேறு கதை இல்லை. என்னுடைய வரிசையில் இது ‘கேவ்ஸ்’ கதைக்கு அடுத்தது. அதனால்தான் ‘பிளிங்க்’, ‘ஹெவன் சென்ட்’ இரண்டும் மூன்றாமிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் போகின்றன.

இதன் மூதாதையாக 1964 ஆம் ஆண்டின் ‘தி அஸ்டெக்ஸ்’ கதையைச் சொல்லலாம். டொக்டரோடு பயணிக்கும் அந்த இரண்டு ஆசிரியர்களுள் ஒருத்தியும் அங்கே தெய்வப் பிறவியென்று கருதப்படுபவளுமான பார்பரா அந்த அதிகாரத்தைக் கொண்டு நரபலியை நிறுத்த முயல்கிறாள், முடியவில்லை. ஒரேயொரு குருவின் மனத்தை மட்டும் மாற்ற முடிகிறது. நான்கு அங்கங்களும் முழுமையாகக் கிடைக்கின்றன. கறுப்பு வெள்ளை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

‘த டே ஒஃப் த டொக்டர்’ விடயத்தில் நான் மூன்றாவது நண்பருக்கு மாறாக நிற்கிறேன். மூன்று டொக்டர்கள் ஒரே சிறையறையில் இருந்து வாதாடுவதும், அவர்களுள் ஒருவரான ஜோன் ஹேர்ட் களைத்த முகத்தோடு தம் உலகை அழிக்கும் பொத்தானின் முன் அமர்ந்திருப்பதும், முடிவில் டொம் பேக்கர் வந்து நிற்பதும் மகிழ்ச்சியானவை. ஆனால் 2005 முதல் இந்தத் தொடர் சுமந்துவந்த பாரம், டொக்டர் தம் சொந்த உலகைத் தாமே அழித்தார் என்பது. அக்காலத்தில் டொக்டராக நடித்த எக்கில்ஸ்டன், டெனன்ட் இருவருடைய நடிப்பிலும் இருந்த நிழல் அதுதான். இந்தக் கதை அந்தப் பழைய அடைப்பைத் திறந்து, அப்படி நடக்கவே இல்லை என்று ஆக்கிவிடுகிறது. ஐம்பது ஆண்டுப் பழக்கமுள்ளவர்களுக்கு அது விழா. தனிக் கதையாக நிறுத்தினால் நிற்க அதற்குக் கால் போதாது.

என் அளவுகோலுக்குள் அடங்காத கதை ஒன்று இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1979 இல் வந்த ‘சிட்டி ஒஃப் டெத்’ கதையில் டொக்டருக்கு எந்த வழியும் அடைபடுவதில்லை. பரிஸ் நகரில் உலாவிக்கொண்டு, மோனா லிசாவின் பிரதிகளை எண்ணிக்கொண்டு, கொண்டாட்டமாகத் திரிகிறார். டக்ளஸ் அடம்ஸின் வசனம் ஒவ்வொன்றும் மின்னுகிறது. போட்டி அலைவரிசையான ஐ.டி.வி. வேலைநிறுத்தத்தில் இருந்த காலமாதலால் அதன் கடைசி அங்கத்தை ஒரு கோடியே 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். இந்தத் தொடரின் உச்ச எண்ணிக்கை அதுதான். அதை எந்தக் கோலாலும் அளக்காமல் பார்த்து மகிழுங்கள்.

உங்கள் குழுவுக்கு ஒரு வரிசை சொல்வதானால், ‘மிட்நைட்’, ‘தி அஸ்டெக்ஸ்’, ‘டீமன்ஸ் ஒஃப் த பஞ்சாப்’, ‘ஹெவன் சென்ட்’ என்று போய் இறுதியில் ‘கேவ்ஸ்’ பாருங்கள். பழைய கதைகளை ஒரே இருப்பில் பார்த்து முடிக்கும் வழக்கத்தால் அவற்றின் பாதிப் பலம் போய்விடுகிறது. ‘ஜெனெசிஸ்’ நீளமாகத் தோன்றுவதற்கும் அது ஒரு காரணம். ‘கேவ்ஸ்’ 1984 இல் வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையுமாக இரண்டு வாரங்களில் ஒளிபரப்பானது. மூன்றாம் அங்கத்தின் முடிவில், கடத்தல்காரர்களின் விண்கலத்தைக் கைப்பற்றிய டொக்டர் அதைத் திருப்பிப் பெரி இருக்கும் கிரகத்தை நோக்கித் தலைகீழாக இறக்குகிறார்; கதவை அறுத்துக்கொண்டு துப்பாக்கியோடு நிற்பவனைப் பார்த்து, ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கும் என்னை நீ எதைக்கொண்டு மிரட்டப்போகிறாய் என்ற தொனியில் பேசுகிறார்; திரை முழுவதும் நிலம் ஏறி வருகிறது. அங்கே நிறுத்திவிட்டு, நான்காவது அங்கத்தை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.